ஐப்பசியில் இரண்டு நாள்: கும்பகோணம் கடைத்தெரு, பொன்மலைச் சந்தை, கரி என்ஜின்

நீங்கள் கேட்டது இதுதான். பெங்களூரில் இருக்கிறீர்கள். தீபாவளிக்கு முந்திய சனி, ஞாயிறு இரண்டு நாளும் காவிரி டெல்டாவில் சுற்ற வேண்டும். வீட்டுக்குக் குத்துவிளக்கும் ஒரு பட்டுச் சேலையும் வாங்க வேண்டும். மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பள்ளிக்கூடம் படித்த உங்கள் தகப்பனாருக்கு மறுபடி ஒருமுறை கரி என்ஜின் ரயிலில் ஏறிப் போக ஆசை. ஆறாவது படிக்கும் பையனுக்கும் அதைக் காட்ட வேண்டும். கார் எடுத்து வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கரி என்ஜினை முதலில் முடித்துவிடுகிறேன். டெல்டாவில் இன்று நீராவி ரயில் எதுவும் ஓடவில்லை. சுற்றுலாவுக்கென்று தனியாக ஒன்று விடுவதும் இல்லை. விடவும் வழியில்லை. உங்கள் தகப்பனார் பார்த்த என்ஜின்கள் மீட்டர் கேஜ் என்ஜின்கள். ஒரு தண்டவாளத்துக்கும் மற்றதற்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் எங்கும் இருப்பது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதியை 2010இல் மாற்றி முடித்தார்கள். மெயின் லைனுக்கு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. சென்னையில் எப்போதாவது ஓட்டிக் காட்டும் 1855ஆம் ஆண்டு என்ஜின் ஒன்று இருக்கிறது, ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். பெரம்பூர்ப் பணிமனை அதைச் சீர்செய்து எழும்பூர்–கோடம்பாக்கம் பக்கம் ஓட்டியிருக்கிறது. ஆனால் அதற்குக் கால அட்டவணை கிடையாது. அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். உண்மையில் ஏறிப் போக முடிகிற நீராவி ரயில் நீலகிரியில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏறிப் போக முடியாதே தவிர, பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்த என்ஜின்களை வைத்துப் பிழைத்த ஓர் ஊரையும் அதன் சந்தையையும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். என் யோசனை இதுதான்: சனிக்கிழமை கும்பகோணத்தைச் சுற்றிக் கடைகண்ணி, ஞாயிற்றுக்கிழமை திருச்சியை ஒட்டிய பொன்மலை. ஊர் விட்டு ஊர் போவது முழுக்க ரயிலில். கார் வேண்டாம்.

கார் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் டெல்டாச் சாலைகள் சாலைகளாக இருப்பதில்லை. குறுவை அறுவடை முடிந்த நெல்லைச் சாலையின் பாதியை அடைத்துக் காயப்போட்டிருப்பார்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். மேலே மேகம், கீழே தார்ப்பாய், நடுவில் விவசாயி. அவர் காலால் துழாவிக்கொண்டிருக்கும் நெல்மீது காரை ஏற்றிவிட்டுப் போவது நல்லதாகப் படவில்லை. ஒதுங்கிப் போனால் நேரம் போய்விடும். அதோடு தீபாவளி நெரிசல். கும்பகோணத்தில் காரை நிறுத்த இடம் தேடியே அரை நாள் கழியும். ரயிலில் வந்தால் இரண்டு பக்கமும் சம்பா நடவு வயலைப் பார்த்துக்கொண்டே வரலாம். சாலையிலிருந்து பார்த்தால் கடையும் விளம்பரப் பலகையும்தான் தெரியும். வயலும் வாய்க்காலும் வெண்ணாறும் வெட்டாறும் ரயில் ஜன்னலுக்குத்தான் தெரியும்.

மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறைப் பக்கம் வரும் இரவு ரயில் உங்களுக்குத் தோது. வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை காலை திருச்சி, தஞ்சாவூர் தாண்டிக் கும்பகோணத்தில் இறங்கலாம். தீபாவளி வாரத்துக்கு முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். அறையையும் கும்பகோணத்திலேயே எடுங்கள்.

தஞ்சாவூர் தாண்டியதும் தகப்பனாரை ஜன்னலோரம் உட்கார வைத்து, நிலையப் பெயர்களைப் பையனுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரப்பெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். அதற்கு அந்தப் பக்கம் திருநாகேசுவரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம், மயிலாடுதுறை. உங்கள் ரயில் எல்லாவற்றிலும் நிற்காது. பலகையைப் படிக்கும் அளவுக்கு மெதுவாகப் போகிற இடங்கள் உண்டு. இந்தப் பெயர்களில் பாதி கடைச்சாமான்களின் பெயர்களும்கூட. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நெல் ரகம், நரசிங்கன்பேட்டையில் நாதஸ்வரம். பழைய வீடுகளின் தூணாகவும் உத்திரமாகவும் இருந்து நன்றாக உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்துதான் அங்கே நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசிக்கிறவர் வீட்டில் இல்லையென்றால் வாங்க வேண்டியதில்லை. சுவரில் மாட்டுவதற்கு அந்த மரம் பாவம்.

இந்தப் பாதையை இங்கே யாரைக் கேட்டாலும் ‘மெயின் லைன்’ என்பார்கள். எழும்பூரிலிருந்து திருச்சிக்கு விருத்தாசலம் வழியாகப் போகும் குறுக்குப் பாதை 1920களின் இறுதியில்தான் வந்தது. அதுவரை தெற்கே போகிற எல்லாமே மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றித்தான் போயின. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேற்றிவிட்ட படகு மெயிலும் இந்த வழிதான். கும்பகோணத்தில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதோடு அது நின்றது.

டெல்டாவின் முதல் ரயில் இதற்கும் முந்தியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861இல், திருச்சி வரை 1862இல். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி போட்டது. அப்போது அது அகலப் பாதை! 1870களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள்; நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி அகலப்படுத்தினார்கள். நம் ஊர் வாய்க்காலைக் கூட இவ்வளவு தடவை தூர்வாரியிருக்க மாட்டார்கள்.

இனிக் கடைக்குப் போவோம். குளித்து, காலை உணவை முடியுங்கள். இட்லிக்குக் கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த இந்தக் குழம்பு கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துச் சொத்து. ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்று நெடுஞ்சாலையெங்கும் பித்தளை டபராவை அடுக்கி வைத்திருக்கும் கடைகளை வைத்து ஊர்க் காப்பியை எடைபோட வேண்டாம். ஊருக்குள் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கும் சாதாரணக் காப்பிக் கடைகள் பல அவற்றைவிட மேல்.

குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில். கும்பகோணத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலும் இதே விளக்குகள் கிடைக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் நாச்சியார்கோவிலில் பட்டறையைப் பார்க்கலாம், பையன் மறக்கமாட்டான். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணைப் பதமாக்கிப் பெட்டியில் அடைத்து, அதில் மாதிரியை அழுத்தி எடுத்து, பித்தளையை மூசையில் உருக்கி ஊற்றுகிறார்கள். ஆறியதும் எடுத்தால் கரடுமுரடாக, மண் ஒட்டிய ஒரு கட்டைதான் கையில் இருக்கும். இதுவா விளக்கு என்று தோன்றும். கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுற்றவிட்டு உளியை வைத்ததும் மேல்தோல் சுருள்சுருளாக உரிந்து விழும். உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு அரம், பிறகு மெருகு. வார்ப்பவர் ஒருவர், கடைபவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர் என்று கை மாறி மாறித்தான் ஒரு விளக்கு முடிகிறது. புவிசார் குறியீடு இதற்கும் உண்டு.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? விளக்கு ஒரே வார்ப்பு இல்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகச் செய்து மரையில் திருகிப் பூட்டுவது. ஆகவே கடைக்காரரிடம் சொல்லி முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். முகம் சுளிக்கமாட்டார், தினமும் செய்வதுதான். மரை நாலைந்து சுற்று தடங்கலில்லாமல் ஏறி நிற்க வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகிவிடுகிறது என்றால் கோணல். பிறகு பூட்டி, சமதளத்தில் வைத்து உச்சியைத் தட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்; எரியும் விளக்கு ஆடக்கூடாது. அடுத்தது எண்ணெய்த் தட்டு. அதில் தண்ணீர் ஊற்றி, தட்டின் அடியில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் காகிதம் நனையும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதைவிட இந்த ஒரு சோதனை போதும். கடைசியாக எடை: விலை எடைக்குத்தான், அதனால் தராசில் வைத்துக் கிலோ விலையைக் கேட்டுப் பேசுங்கள். அன்னத்தின் இறகு, தண்டின் பூவேலை என்று வேலைப்பாடு கூடினால் கிலோ விலையும் கூடும், அது நியாயம். ஐந்து முகமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பாருங்கள். திரி போட்ட பிறகுதான் கோணல் தெரியும் என்றால் பெங்களூரிலிருந்து யார் திரும்பி வருவது?

சுவாமிமலைக்கும் போவீர்கள் என்றால் சிலை வாங்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் வண்டல் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை அது. மண்கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு கூட்டில் ஒரே சிலை. நல்ல சிலை சொல்லிவைத்துச் செய்வது. ஸ்தபதிகள் தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவெடுப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

பட்டுக்குத் திருபுவனம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைச் சாலையில் எட்டு கிலோமீட்டர் அளவு. ஊர் முழுக்கச் சௌராஷ்டிர நெசவாளர்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் முதலில் பாருங்கள், பிறகு தனியார் கடைகளில் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சங்கத்தில் ஜரிகை என்ன, எடை என்ன என்பது எழுதியிருக்கும், பேரம் கிடையாது. ஒரு அளவுகோல் மனதில் ஏறிவிடும். திருபுவனம் சேலையை விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்கள். பெட்டிபோல மடித்து அட்டையில் சுற்றியிருப்பதைத் திருபுவனம் என்று சொன்னால் ஒரு கேள்வி கேட்கலாம். 2019இல் இதற்கும் குறியீடு வந்துவிட்டது. தீபாவளி சமயம் கூட்டுறவுக் கடைகளில் தள்ளுபடி உண்டு. ஆகவே கூட்டமும் உண்டு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் சேலையைவிட மனிதர்களைத்தான் பார்ப்பீர்கள். முடிந்தால் பட்டை முதலில் முடித்துக்கொண்டு விளக்குக்குப் பிற்பாடு போங்கள். கடைக்குப் பின்னாலிருக்கும் கம்பகரேசுவரர் கோயில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. சேலை பார்த்து அலுத்துப்போன ஆண்களும் பையன்களும் அங்கே இருக்கலாம்.

வெற்றிலையை மட்டும் ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் வாங்குங்கள். கவுளிக் கணக்கில் கொடுப்பார்கள். வாழை மட்டையில் கட்டித் தரச் சொன்னால் இரண்டு நாள் வாடாது.

சனிக்கிழமை மாலையில் மாயவரம். உங்கள் தகப்பனார் இதற்காகத்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். கும்பகோணத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஐப்பசி முழுவதும் அங்கே துலா ஸ்நானம். ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்று சொல்லிக்கொண்டே துலாக் கட்டத்தில் இறங்குவார்கள். மாதக் கடைசி நாள் கடைமுகம், அன்று பெரும் கூட்டம். கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. கடைமுகத்துக்கு வந்து சேர முடியாத முடவர் ஒருவருக்காக இறைவன் ஒரு நாள் நீட்டித்தார் என்பது தலபுராணம். நீங்கள் வரும் தேதிக்கு இவை இரண்டும் அமையாது. அதனால் என்ன, கூட்டம் குறைவான நாளில் படித்துறையில் உட்கார இடமாவது கிடைக்கும். ஆற்றில் வரத்து அதிகமென்றால் முழங்காலளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பையன் கையை விடாதீர்கள்.

மாயவரம் ஜங்ஷனில் தகப்பனார் தேடப்போவது நான்காவது பாதையை. தஞ்சாவூர்ப் பக்கம், விழுப்புரம் பக்கம், திருவாரூர்ப் பக்கம் மூன்றும் இருக்கின்றன. தரங்கம்பாடிக்குப் போனது மட்டும் இல்லை. 1926இல் வந்த அந்தக் கிளைப்பாதையை 1986இல் மூடிவிட்டார்கள். செம்பொன்னார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று நின்று நின்று கடற்கரைக்குப் போன வண்டி. திருக்கடையூர்க் கல்யாணத்துக்கு ரயிலில் போனவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே வழியில் பஸ் போகிறது. ஞாயிற்றுக்கிழமையைப் பொன்மலைக்குக் கொடுக்க மனமில்லை என்றால் தரங்கம்பாடிக்குக் கொடுங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு நடத்திய அச்சுக்கூடத்தின் கதையும் ஒரு நாளுக்குப் போதும். ஆனால் அங்கே ரயில் இல்லை, பழைய பாதையின் மிச்சம் மட்டும்தான்.

இந்தக் கிளைப்பாதைகளின் கதை டெல்டாவுக்கே உரியது. திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போன பாதை 1894இல் வந்தது. அதைத் தஞ்சாவூர் ஜில்லா போர்டே, நிலவரியோடு சேர்த்து வசூலித்த கூடுதல் வரிப்பணத்தில் போட்டது. கம்பெனிக்காரன் லாபம் பார்த்துப் போட்டதில்லை. மிராசுதாரும் குத்தகைக்காரரும் கொடுத்த காசு. பிற்பாடு மூடியபோது யாரைக் கேட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மன்னார்குடிக்கு வந்த வண்டியை 1976இல் நிறுத்தினார்கள், 2011இல் அகலப் பாதையில் மறுபடி விட்டார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை 2023இல் திரும்ப வந்தது. பேரளம்–காரைக்கால் 23 கிலோமீட்டரையும் மறுபடி போட்டுவிட்டார்கள். தரங்கம்பாடிக்காரர்கள் மட்டும் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, மூட்டை முடிச்சோடு திருச்சிப் பக்கம் போகும் ரயிலைப் பிடியுங்கள். திருச்சி ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் பொன்மலை என்று தனி நிலையம் இருக்கிறது. பாசஞ்சர் வண்டிகள் நிற்கும். விரைவு வண்டியில் வந்தால் ஜங்ஷனில் இறங்கி, சாமானைப் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு ஆட்டோவில் வாருங்கள். விளக்கோடு சந்தையில் சுற்ற முடியாது என்பதால் இரண்டாவது வழிதான் நல்லது.

பொன்மலை என்பது ரயில்வே பெற்றெடுத்த ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையை 1928இல் இங்கே கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினத்துக்காரர்கள் அதை இன்னும் ஒரு இழப்பாகத்தான் பேசுவார்கள். குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் இங்கே குடியேறினார்கள். அந்த ஆண்டே ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை போனது அதில்தான். 1946 செப்டம்பர் 5இல் இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் ஐவர் இறந்தார்கள். நினைவு நாளை இப்போதும் அனுசரிக்கிறார்கள். பணிமனைக்குள் நினைத்த மாத்திரத்தில் போய்விட முடியாது. வெளியே ரயில்வே காலனியின் அகலமான தெருக்களிலும் மரநிழலிலும் நடந்து பார்க்கலாம்.

சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும். சம்பளம் வாங்கும் தொழிலாளர் குடும்பங்களை நம்பித் தோன்றிய சந்தை, இன்று சுற்றுப்பட்டு ஊர்கள் அத்தனைக்கும் பொது. காய்கறி, கருவாடு, மீன், கோழி, துணி, இரும்புச் சாமான், பழைய கருவிகள் எல்லாம் தரையில் விரித்த சாக்கில் இருக்கும். காலையிலேயே போங்கள், வெயிலேறினால் காய் வதங்கும், மழை வந்தால் கடையே சுருட்டிக்கொள்ளும். ‘ஐப்பசி அடைமழை’ என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் விலையுயர்ந்த செருப்பை அறையிலேயே பையில் கட்டிவிட்டு ரப்பர் செருப்போடு வாருங்கள். நான் இங்கே வாங்கச் சொல்வது அரிவாள்மனை, தோசைக்கல் போன்ற இரும்புச் சாமான்களை. கும்பகோணத்தின் மினுமினுப்புக் கடைகளில் இந்த வகை இரும்பு கிடைக்காது. தோசைக்கல்லைத் திருப்பி விரலால் சுண்டுங்கள். விரிசல் இருந்தால் ஓசை அடைத்துக்கொள்ளும், ஆரோக்கியமான கல் கணீரென்று நீளமாகச் சொல்லும்.

சந்தை முடிந்ததும் ரயில் அருங்காட்சியகம். பொன்மலைப் பகுதியிலேயே, ரயில்வே கல்யாண மண்டபத்தை ஒட்டி இருக்கிறது. 2014இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே பழைய கைவிளக்குகள், டோக்கன் கருவிகள், படங்கள். வெளியே வெட்டவெளியில் பழைய நீராவி என்ஜின். பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ரயிலும் சுற்றிவரும், அது நீராவி அல்ல. பெரும்பாலானவர்கள் என்ஜின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள்.

பையனைச் சக்கரங்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் சின்னச் சக்கரங்கள், நடுவில் பெரிய சக்கரங்கள், பின்னால் மறுபடி சின்னவை. பெரிய சக்கரங்கள்தான் இழுப்பவை, கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கும். உங்கள் தகப்பனார் காலத்தில் மீட்டர் கேஜ் பாசஞ்சர் வண்டிகளை இழுத்த ‘ஒய்பி’ வகைக்கு இந்தக் கணக்கு 4-6-2. சரக்கு இழுத்த ‘ஒய்ஜி’ வகைக்கு 2-8-2. பாசஞ்சருக்கு வேகம் வேண்டும், அதனால் பெரிய சக்கரம் குறைவு. சரக்குக்குப் பிடிப்பு வேண்டும், அதனால் இழுக்கும் சக்கரம் ஒரு ஜோடி அதிகம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் எண்ணிப் பார்த்தே அந்த என்ஜின் என்ன வேலை செய்தது என்று சொல்லிவிடலாம்.

பிறகு அந்தச் சத்தம். ‘குப் குப்’ என்று நாம் சொல்லி விளையாடியது கரி எரியும் சத்தம் இல்லை. வேலை முடித்த நீராவி வெளியேறும் சத்தம். அடுப்பின் அனல், கொதிகலனுக்குள் தண்ணீருக்கு நடுவே ஓடும் குழாய்கள் வழியாக முன்பக்கப் புகைப்பெட்டிக்கு வருகிறது. வழியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. நீராவி சிலிண்டருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளிவிட்டு, அதே புகைப்பெட்டிக்குள் புகுந்து புகைபோக்கி வழியாக மேலே பீறிடுகிறது. பீறிடும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் அடுப்புக்குள் காற்று பாய்கிறது. அதாவது என்ஜின் எவ்வளவு கடினமாக இழுக்கிறதோ அவ்வளவு பலமாக அதுவே தன் அடுப்பை ஊதிக்கொள்கிறது. தனியாகத் துருத்தி வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுவது நீராவிதான். ஆகவே பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு ‘குப்’. வண்டி கிளம்பும்போது இடைவெளி விட்டுக் கேட்டு, வேகமெடுத்ததும் ஒன்றாகக் குழைந்துபோவது இதனால்தான். இதைத் தகப்பனாரிடம் சொல்லிப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் கேட்ட சத்தம்தான்.

ஓட்டுநர் மேடையில் ஏற அனுமதி இருந்தால் ஏறி, அடுப்பு வாயின் முன்னால் பையனை நிற்க வையுங்கள். அந்த இடம்தான் ஃபயர்மேனுடையது. பின்னாலிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு மண்வெட்டிக் கரியை வாரி, ஆடும் வண்டியில் கால் ஊன்றித் திரும்பி, அடுப்பின் எந்த மூலையில் குழி விழுந்திருக்கிறதோ அங்கே சரியாக வீச வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் கரும்புகை வரும், அழுத்தம் இறங்கும்.

இனி, ஏறிப் போகும் ஆசைக்கு வருவோம். மேட்டுப்பாளையம்–உதகை மலைப்பாதையில் இன்றும் நீராவி ஓடுகிறது. குன்னூர் வரை 1899இல் திறந்தது, உதகை வரை 1908இல் நீட்டியது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: நீராவி என்ஜின் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும். குன்னூருக்கு மேலே டீசல். உதகையில் ஏறிக் குன்னூரில் இறங்கிவிட்டு ‘நீராவி ரயிலில் போனோம்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். அந்தப் பகுதியில் கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம், அதாவது பற்சட்டம், இருக்கும். என்ஜினின் நாலு சிலிண்டரில் கீழே உள்ள இரண்டு சக்கரங்களைச் சுற்றுகின்றன. மேலே உள்ள இரண்டு பற்சக்கரத்தைச் சுற்றிப் பற்சட்டத்தைப் பிடித்து ஏறுகின்றன. பழைய என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. 2011 முதல் புதியவற்றைச் செய்து கொடுப்பது பொன்மலைப் பணிமனை. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சுற்றிவரும் மதிற்சுவருக்கு உள்ளேதான் இந்த நூற்றாண்டிலும் நீராவி என்ஜின் பிறக்கிறது.

ஆனால் இதைத் தீபாவளிப் பயணத்தோடு ஒட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு மலையில் மண் சரிந்து, வண்டியைப் பல நாள் ரத்து செய்துவிடுவது வழக்கம். தகப்பனாரை அவ்வளவு தூரம் அழைத்துப் போய் மேட்டுப்பாளையம் நிலையத்தில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். பொங்கல் கழித்து, தை கடைசி அல்லது மாசியில் வையுங்கள். முன்பதிவு செய்துகொண்டு, மேலே ஏறும் வண்டியில் போங்கள்; இறங்கும்போது என்ஜின் பாரத்தை இழுப்பதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டு வருகிறது. நாலு ‘குப்’பையும் எண்ண வேண்டுமானால் ஏற்றத்தில்தான் எண்ண முடியும். இடையில் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கிப் பார்க்கலாம்.

இந்த முறைக்கு, ஞாயிறு இரவு திருச்சி ஜங்ஷனில் பெங்களூர் வண்டியில் ஏறிவிடுங்கள். பொன்மலையில் கருவாடு வாங்கியிருந்தால் இரண்டு சுற்றுக் காகிதம், அதன்மேல் மூடி போட்ட டப்பா. பட்டுச் சேலை இருக்கும் பையில் மட்டும் வைக்காதீர்கள்.